வெளிச்சம் வந்துட்டா?

எதிர்வீட்டு மாமிக்கு எங்கள் வீட்டில் மின்சாரக் கோளாறு என்று வெகுநாள் எண்ணம். காரணம் அப்பா. சாயங்காலம் நான் மெட்ரோவில் இறங்கி, மயூர் விஹார் குடியிருப்பின் படிகளில் ஏறி வரும்போதே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, மாடி முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மா, வெளிச்சம் வந்துட்டா?" என்பார். நானும் செருப்பைக் கழற்றிக்கொண்டே "வரலப்பா" என்பேன். மாமி டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "பிஜிலி ப்ராப்ளமா? எங்க எலக்ட்ரீஷியன் பையா நம்பர் தரவா? ஜல்தி வந்துடுவார்" என்றார். அவர் வீட்டிலும் என் வீட்டிலும் விளக்குகள் ஜோராக எரிந்துகொண்டிருந்தன.

அப்பா கேட்டது வேறு வெளிச்சம். ஒரு தலைமுடியை நீளவாக்கில் நூறாகக் கிழித்தால் ஒரு கீற்று வருமே, அதைவிட மெல்லிய பாதைகளை, சிப் என்கிறார்களே, அந்தச் சிலிக்கான் சில்லில் செதுக்குவது என் வேலை. பாதையின் ஒரு முனையில் ஒளியை ஏற்றினால், வளைவுகளையெல்லாம் தாண்டி அது மறுமுனையில் வெளிவர வேண்டும். நடுவே மின்சாரத்தைக் கொடுத்து அதை நிறுத்தவும் விடவும் முடிய வேண்டும். வெளிநாட்டில் செய்து வாங்கினால் சுலபம். இங்கேயே, எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவிகளிலேயே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. கேமரா வழியாகத் திரையில் வெள்ளைப் புள்ளியாகப் பார்த்தால்தான் உண்டு. பேருக்கு ஒளி ஆராய்ச்சி, உட்கார்ந்திருப்பது இருட்டறையில்.

சில்லைச் செய்கிற அறையில் இருட்டு இல்லை, மஞ்சள் விளக்கு. அங்கே தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. பவுடர், திருநீறு எதுவும் ஆகாது. டில்லித் தூசில் ஒரு துகள் விழுந்தாலும் பாதை பாழ். கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். வருஷக்கணக்காக உள்ளே கண்ணாலேயே வணக்கம் சொல்லிக்கொண்ட ஒருவரைக் கேன்டீன் வரிசையில் யாரென்று தெரியாமல் முறைத்திருக்கிறேன். அவரும் என்னை முறைத்தார். மறுநாள் உள்ளே வழக்கம்போலக் கண்ணால் வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. அப்பா மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் டில்லியில் இருந்தும் திருநெல்வேலித் தமிழை விடாதவர். என் ஆராய்ச்சியில் அவருக்கு எதுவும் புரியாது. ஆனாலும் என் வேலையைப் பற்றி இந்த உலகில் தினமும் விசாரித்த ஒரே ஆள் அவர்தான். சில நாள் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "வந்தா சொல்ல மாட்டேனாப்பா?" என்று வள்ளென்று விழுவேன். மறுநாளும் கதவு திறந்திருக்கும், மறுநாளும் கேட்பார்.

ஒரு குளிர்காலப் புகை அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமி இருமி மனிதர் பாதியானார். இந்த ஊர்க் காற்று இனி ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பாளையங்கோட்டையிலிருந்து தம்பி வந்து கூட்டிப்போனான். விமான நிலைய வாசலில் அப்பா என் கையை விடவே இல்லை.

"நீயும் வந்துரும்மா. அங்க காலேஜ் இல்லையா? வாத்தியார் வேலை கெடைக்காதா?"

"வெளிச்சம் வரட்டும்ப்பா. வந்ததும் வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

மனசாரத்தான் சொன்னேன். அவர் அதை அரசாணை மாதிரி எடுத்துக்கொண்டார்.

தனிமை எனக்குப் பழகிப்போனது என்று நினைத்திருந்தேன். அப்பா பக்கத்து அறையில் இருக்கும்போது தனியாக இருப்பது வேறு, யாருமே இல்லாத வீட்டில் இருப்பது வேறு. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். பார்க்காத டிவியைச் சத்தத்துக்காக ஓடவிட்டேன். சாயங்காலம் போன் வரும். "வெளிச்சம் வந்துட்டா?" அதற்காகவே சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம், திரையில் புள்ளி தெரிந்தது. சில்லின் மறுமுனையில், வெள்ளையாக, அசையாமல். அறைக்கு வெளியே ஓடி முதலில் அப்பாவுக்குத்தான் போன் போட்டேன். "வந்துட்டாம்மா? நெசமாவா?" என்று அவர் குரல் உடைந்தது. பின்னால் யாரிடமோ, "ஏ, அவ வாரா! மாடி ரூம்ப ஒழிச்சுப் போடு!" என்று கத்தினார். தம்பி மனைவி கேசரி கிளறப் போனாள்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒளியை ஏற்றுகிற கண்ணாடி இழையை ஒரு பொட்டுப் பக்கவாட்டில் தள்ளினேன். ஒளி பாதை வழியாக வந்திருந்தால் புள்ளி அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. பாதைக்குள் நுழையாமலே, சில்லின் அடிப்பாகத்தில் சிதறி ஓடி, ஓரமாக வெளியே வந்த ஒளி அது. சுவரேறிக் குதித்த திருடனை வாசல் வழியாக வந்த விருந்தாளி என்று நினைத்துவிட்டேன். தள்ளிப் பார்க்காமல் சந்தோஷப்படாதீர்கள் என்று ஆராய்ச்சி மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவள் நான்தான்.

மறுபடி போன் செய்தேன். "தள்ளிப் பாத்தேன்ப்பா. அணையல. அணைஞ்சாத்தான் நெசம்."

"சரி, அதுக்கென்ன. சாப்ட்டியா?" என்றார்.

அதன் பிறகு அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தினமும் பேசினார். கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து, தம்பி மகளின் பரீட்சை, தெருவில் தோண்டிய குழி, எல்லாம் பேசினார். அதை மட்டும் கேட்கவில்லை. என் மனசு புண்படக் கூடாது என்றுதான். புரிந்தது. ஆனால் அதுதான் புண்ணாக வலித்தது. ஒருநாள் போனை வைத்துவிட்டு அழுதேன்.

பாதையின் சுவர்கள் சொரசொரப்பாக இருந்ததுதான் கோளாறு. உலையில் சூடேற்றி மேல்தோலை ஆக்ஸைடாக்கி, அதை அமிலத்தில் கரைத்து எடுத்தால் வழுவழுப்பாகும். அதை ஒழுங்காகச் செய்ய ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. ஹோலி விடுமுறைக்குக் கட்டடமே காலியாகிக் கிடந்த நாளில் புள்ளி மறுபடி தெரிந்தது. இழையைத் தள்ளினேன். அணைந்தது. திரும்ப வைத்தேன். வந்தது. மின்சாரம் கொடுத்தேன், அணைந்தது, எடுத்தேன், வந்தது. குழந்தை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்குமே, அப்படி வெகுநேரம் செய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். சொல்ல ஆளில்லை.

போன் செய்தேன். அப்பா பங்குனி வெயிலைப் பற்றிப் பேசினார். முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினார். கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"அப்பா, வெளிச்சம் வந்துட்டு."

அவர் மெதுவாக, "தள்ளிப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். அணைஞ்சுட்டு."

"திரும்ப வச்சா?"

"வந்துட்டு."

அவர் மூச்சு விடுவது கேட்டது. இருமல் இல்லை. "அப்பம் என்னைக்கும்மா வாரே? மாடி ரூம்ப வெள்ளையடிச்சே வச்சிருக்கு."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாதையில் ஒளி போகிறது. இனி ஒரே சில்லில் பல பாதைகளைப் போட வேண்டும், அவற்றைப் பக்கத்திலேயே டிரான்சிஸ்டர்களோடு இணைக்க வேண்டும். வராத வெளிச்சத்தை விட்டுவிட்டு வேண்டுமானால் போயிருக்கலாம். வந்துவிட்டதை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. அந்த நிமிஷத்தில் எனக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவரை ஏமாற்ற வாய் வரவில்லை.

"இனிமத்தாம்ப்பா வேலையே இருக்கு" என்றேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மனசு லேசாகியிருக்கும். அவர் டில்லிக்காரர்போல "அச்சா" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அப்பம் நாளையிலருந்து நான் என்னன்னு கேக்கணும், சொல்லு."