பின்பாட்டு இல்லாத ஒத்திகை

இது உண்மையாக நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பிரதீஷ் கல்லூரியில் நாடகம் சொல்லித்தருகிறவர். கொரியாவை யூடியூபில் மட்டுமே பார்த்த கொரிய நிபுணர். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் சியோலில் முதல் நாடக அரங்கம் வந்தது. அதுவரை முற்றத்தில் நின்று கதை பாடியவர்கள் கூரைக்குக் கீழே மேடையேறினார்கள். இதை நாடகமாக்கி, ஒத்திகை வீடியோவை இது நடந்த அன்று மாலை ஐந்துக்குள் அனுப்பினால் அங்கே படிக்க உதவித்தொகை கிடைக்கும். மூன்று வருஷமாக மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை.

பாடகி வேஷத்துக்கு வில்லுப்பாட்டுக்காரி செல்லத்தாயைப் பிடித்தார். அடிக்கு அடி 'ஆமா' போடும் பின்பாட்டு ஆட்களைக் கூட்டிவரக் கூடாது என்று கண்டிஷன். அரங்கம் வந்ததும் கூச்சல் ஒழிந்து கலை பிறந்ததாம். கொரியாவில் அரங்கத்துக்குள்ளும் மத்தளக்காரர் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அது புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். மேதை பக்கத்தைத் திருப்பவில்லை.

கருங்கல் ஊரில் ஒரு பழைய ஹால். மதியம் 2.10. கதவும் ஜன்னலும் அடைத்தாயிற்று. மேடையில் மட்டும் விளக்கு. ஸ்டாண்டில் செல்போன் பதிவு செய்துகொண்டிருந்தது. உள்ளே இருவர்தான்.

செல்லத்தாய் முதல் அடி பாடினார்.

"ஆமா..."

கடைசி வரிசை. ஆண்குரல்.

பிரதீஷ் டார்ச் அடித்தார். காலி நாற்காலிகள். வாட்ச்மேன் ஆன்ட்ரூஸின் சேட்டை என்று முனகி, மேலே பாடச் சொன்னார்.

இரண்டாவது அடி. "ஆமா..." கொஞ்சம் முன்னால்.

2.19. ஆறாவது 'ஆமா' முதல் வரிசையில். நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"யாருலே அது? எனக்கிட்ட வெளையாடுதியா?" என்று பிரதீஷ் எகிறினார்.

"ஆமா..."

அவர் காதோரம்.

செல்லத்தாய் மேடையை விட்டு இறங்கினார். "பின்பாட்டு ஆமான்னா சொன்னது உறுதி. இனி வாயத் தொறக்காதிய சாரே."

இருவரும் வெளியே ஓடினார்கள். படித்தவராயிற்றே, வாய் சும்மா இருக்குமா. பிரதீஷ் வாசலில் திரும்பி, "இனி இந்த ஹாலுக்குள்ள எம் பொணந்தான் வரும்" என்று கத்திக் கதவை அறைந்தார்.

பதில் இல்லை. அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

நாலு மணிக்கு ஆன்ட்ரூஸ்தான் உள்ளே விட்டுவந்த செல்போனை எடுத்துவந்து கொடுத்தார். பார்க்கத் தைரியமில்லாமல் பிரதீஷ் வீடியோவை அப்படியே அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துக் கொரியாவிலிருந்து கடிதம். தேர்வாகிவிட்டார். பின்குரல் பிரமாதமாம். ஜூன் பதினாலு நேரில் பார்க்க வருகிறார்கள்... அதே ஹாலில்.

அன்றுதான் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்.

ஏழு 'ஆமா'.

2.23. கதவு அறையும் சத்தம்.

பிறகு, மைக்குக்கு வெகு பக்கத்தில்...

எட்டாவது.