ஒட்டுக் கட்டிய கை

என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது, மூன்றாவது தடவையிலேயே கை நரம்புகள் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. அதனால் தேனி ஆஸ்பத்திரியில் இடது புஜத்தின் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சுவரை செலுத்தி வைத்தார்கள். சிகிச்சை முடியும்வரை அது உள்ளேயே இருக்கும். நுழையும் இடத்தில் கிருமி புகுந்தால் குழாயை எடுக்க வேண்டிவரும், மருந்தும் தடைப்படும் என்றார்கள். அன்றிலிருந்து அந்தக் கைக்கு நான்தான் காவல்.

சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் கிட்டே வர முடியாது. விபூதி பூச வந்த நாத்தனாரையே, "நெத்தியோட நிறுத்திக்கங்க மதினி" என்று தடுத்துவிட்டேன். அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரே தொல்லை, ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டம். "சும்மா பாத்துட்டு வந்துர்றேன்" என்று போவார். பந்தலுக்குக் கீழே நிற்கிற மனிதர் கையைத் தூக்காமல் இருப்பாரா?

ஒரு நாள் மதியம் அவர் சட்டை மாற்றும்போது பார்த்தேன். குழாயை மூடியிருந்த பிளாஸ்திரிக்கு மேல், கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிற பிளாஸ்டிக் நாடா, ஐந்து சுற்று! வேர்வையில் பிளாஸ்திரி ஓரம் கிளம்பியிருக்கிறது. சொன்னால் தோட்டத்துக்கு விடமாட்டேன் என்று, நாடாவின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத் தானே கட்டியிருக்கிறார். நாற்பது வருடமாக ஒட்டுக் கட்டும் கை. கட்டு என்னவோ அழகாகத்தான் இருந்தது.

"காத்துப் படாமக் கட்டுனாத்தான பிடிக்கும்?" என்றார்.

"நீங்க என்ன திராட்சைக் கன்னா?"

உடனே பஸ் ஏற்றித் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். காய்ச்சல் இருக்கிறதா என்று நாலைந்து தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

நர்ஸ் பெண் கை கழுவி, உறை மாட்டி, நாடாவை மெதுவாக வெட்டினாள். தோல் வேர்வையில் ஊறி வெளுத்திருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. குழாயின் மேலிருந்த அளவுக்கோட்டைப் பார்த்தாள், இம்மியும் நகரவில்லை. மருந்து தேய்த்துவிட்டுக் காயட்டும் என்று காத்திருந்தாள். சீக்கிரம் காயுமே என்று நான் வாயால் ஊதப் போனேன். அவள் முறைத்த முறைப்பில் காவல்காரி ஓரமாக ஒதுங்கினாள்.

புதுப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அவரிடம் சொன்னாள்: "ஓரம் கிளம்புனாலும் நனைஞ்சாலும் உடனே இங்கன வந்துருங்கய்யா. மேல எதையும் சுத்தாதீக. ஒட்டுக் கட்டுறது சேந்து போறதுக்கு. இது சேரக் கூடாது. இன்னும் ரெண்டு தடவ மருந்து ஏத்தி முடிச்சா, நானே உருவி எடுத்துருவேன்."

அது வெளியே வந்துவிடக் கூடாதே என்று இத்தனை நாள் காவல் காத்தவளுக்கு, ஒரு நாள் அது நல்லபடியாக வெளியே வரும் என்று தோன்றியதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை.

அவர் பதறிப்போனார். "இனிமே கட்ட மாட்டேன், தோட்டத்துக்கும் போகல, போதுமா?" என்றார்.

நான் காரணத்தைச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் அழுதேன்.