விளம்பரத்தாள் உறை போட்ட புத்தகம்

நான் குடியேறிய பிக்கரிங் நகரத்திலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் அவர் தினமும் என் எதிரே இருப்பார். நரைத்த தாடி, மடியில் ஒரு துணிப்பை. புத்தகத்துக்கு இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் உறை போட்டிருப்பார். அதுவும் வீடு விற்கும் முகவர்கள் வரிசையாகச் சிரிக்கும் விளம்பரப் பக்கத்தில். ஏதோ தமிழ்ப் புத்தகம் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஊரில் போர் முடிந்த வாரம், என்ன புத்தகம் என்று கேட்டேன். முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எப்போதோ இறந்துபோன அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஒருவருடையது.

"பேரைக் கண்டால் சனம் சண்டைக்கு வருது. அதுதான் மூடி வைச்சிருக்கிறன்."

எனக்கும் அந்தப் பெயர் தெரியும். "உவரிட்டைப் படிச்ச பழமைவாதியள்தானே அண்ணை, அமெரிக்க அரசாங்கத்துக்குள்ளை இருந்து ஈராக் சண்டையை மூட்டிவிட்டவை?"

"அப்பிடியும் சொல்லுகினம். அவர் பழைய கிரேக்க நூலுகளைத்தான் படிப்பிச்சவர் எண்டும் சொல்லுகினம். நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பயங்கரவாதத்தை ஒழிக்கிறம் எண்டு உலகம் முழுக்கச் சண்டைக்கு வழி திறந்துவிட்டவை அவைதானே? அவை இல்லையெண்டால் எங்கடை அழிவுக்கு ஆரைக் குற்றம் சொல்லுறது?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் புத்தகத்தை மூடினார். "அங்கை உங்கடை ஆக்கள் ஆரும் நிக்கினமே?"

அந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னோடு வாதாடினார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

"தங்கச்சி," என்றேன். "ஒரு தகவலும் இல்லை."

புத்தகம் பைக்குள் போனது. அதன்பிறகு தினமும் வெறுங்கையோடு எனக்குத் துணையாக இருந்தார். தங்கச்சி உயிரோடு முகாமில் இருக்கிறாள் என்று நான் சொன்ன காலையில்தான் அதை மறுபடியும் வெளியே எடுத்தார்.

அந்தப் பேராசிரியர்மேல் பிழை இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரை வாசித்த ஒருவரை மட்டும் தெரியும்.