வேல் விளக்குக்குப் போட்ட திரை

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். முருகன் விளக்கால்தான் என் உடம்பு கெட்டது என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வராது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஷிப்ட் மாறி மாறி வரும். சில வருடங்களில் தொப்பை ஸ்டியரிங்கை இடித்தது, சர்க்கரையும் வந்தது. மாத்திரை போட்டேன், நடந்தேன், டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். இரண்டும் இறங்கவில்லை. மூன்று மாதத்தில் குறையாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவோம் என்றார்கள் கம்பெனியில். பத்தாவது தேறாத எனக்கு ஒரு மரியாதை என்றால் அது அந்த வண்டிதான்.

கம்பெனி டாக்டரம்மா சாப்பாட்டுப் பேச்சை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"தூங்கும்போது ரூம்ல லைட் எரியுமா?"

"இல்ல மேடம். சாமி லைட் மட்டும்."

"எவ்ளோ வெளிச்சம் இருக்கும்?"

"பேப்பர் படிக்கலாம் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. இருட்டில்தான் மெலடோனின் என்று ஒன்று மூளையில் நன்றாகச் சுரக்கும், அதுதான் உடம்புக்கு ராத்திரி வந்துவிட்டது என்று தகவல் சொல்லும், வெளிச்சம் பட்டால் குறைந்துவிடும் என்றார். அது குறைந்தால் தூக்கம் கெடும், சர்க்கரையும் எடையும் ஏற வழியாகலாம், ஷிப்ட் ஆட்களுக்கு ஏற்கெனவே அது தடுமாறும் என்றும் விளக்கினார்.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டு மகள் பிறந்ததும், வேல் வடிவ எல்இடி விளக்கு ஒன்றை வாங்கி மாட்டி, இது அணையாது என்று நேர்ந்துகொண்டேன். என் தலைமாட்டுக்கு நேராக எரியும். கரண்ட் போனாலும் எரிய பேட்டரி வைத்திருந்தேன்.

"மெலடோனா? அது இன்னா, ரிங்டோனா?" என்றாள் மனைவி.

"உடம்புலயே ஊறுறதாம். இருட்டா இருந்தாதான் ஊறுமாம்."

"அப்ப லைட்ட அணைச்சுட்டுப் படுய்யா."

"வாய கழுவு. வண்டி போனா போவட்டும்."

"நாளைக்கு கால் போனா?"

மூன்றாம் நாள் பழைய கறுப்புப் போர்வையை இரண்டு மடிப்பாகத் தைத்து, சாமி அலமாரிக்கு முன்னால் கம்பியில் மாட்டியிருந்தாள்.

"கோயில்ல அலங்காரத்துக்குத் திரை போடறாங்களே, உள்ள விளக்க அணைச்சுட்டா போடறாங்க?"

அப்பனே, இதை எனக்கு ஏன் தோன்றவைக்கவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்று அறை அப்படி இருண்டது, என் கையே எனக்குத் தெரியவில்லை. விடிகிற வரை ஒரே தூக்கம்.

நைட் ஷிப்ட் வாரங்களில் பகலில் ஜன்னலுக்கு அட்டைப்பெட்டி அடைத்துக்கொண்டேன். நடுராத்திரி பரோட்டாவை விட்டேன். நான் தூங்கி எழுந்ததும் மகள் மணியடித்துத் திரையை விலக்குவாள். எங்கள் வீட்டில் தினம் தரிசனம்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கு. என்ன பண்ணீங்க?"

"திரை போட்டேன் மேடம்."

நான் விவரம் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாம் சேர்ந்துதான் வேலை செஞ்சிருக்கு. மாத்திரைய நிறுத்தாதீங்க," என்று சொல்லி, வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

நேராகப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். தொப்பை இடிக்கவில்லை. முருகா என்று ஹாரனை நீளமாக அடித்தேன்.

"யோவ், இன்னா கல்யாண ஊர்வலமா?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"அதுக்கும் மேல சார்!"

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் விளக்கை அணைத்தான் என்று மாற்றாதீர்கள், மாத்திரையை விட்டான் என்று சேர்க்காதீர்கள். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.