ரஞ்சிதா காதைச் சொறிந்த நாள்

1. பளபளப்பு

பி.எட். படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் லேமினேஷன் செய்யாதீர்கள்.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. சார்ட் போட்டால் லேமினேஷன், படம் வரைந்தால் லேமினேஷன். மினுங்கினால்தான் அது கற்பித்தல் துணைக்கருவி, இல்லாவிட்டால் வெறும் காகிதம் என்று ஒரு நம்பிக்கை. நானும் அப்படித்தான் இருந்தேன். பயிற்சிக்காக என்னைக் கல்வராயன் மலைப் பள்ளிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததுமே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்து, ஒரு வகுப்புக்கு வேண்டிய அட்டைகளையெல்லாம் லேமினேஷன் செய்துகொண்டேன். மலையில் பனி, சாரல், பிள்ளைகளின் ஈரக்கை. எதற்கும் அசையாது என்று எனக்குப் பெரிய திருப்தி.

அந்த அட்டைகள் என்னவென்று சொல்ல வேண்டும். கல்லூரியில் ஆன்லைன் கருவிகள் என்று ஒரு பாடம் இருந்தது. வினாடி வினா விளையாட்டு, வீடியோ, சுவரொட்டி செய்கிற ஆப் என்று நிறைய பார்த்தோம். லேபில் எல்லாமே அழகாக ஓடும். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், நெட், ஃபேன். நான் போகப்போகிற பள்ளியிலோ சிக்னல் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் அதற்கு மனசு வந்தால். பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், யாரிடமும் போன் கிடையாது. வகுப்புக்கு ஒரே போன், என்னுடையது. ஆகவே பார்த்த கருவிகளில் எனக்கு உதவக்கூடியது ஒன்றே ஒன்று.

அது இப்படி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. நடுவில் கறுப்புக் கட்டங்களாக ஒரு கோலம், ஆளுக்கு ஒரு தினுசு. நான்கு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. கேள்வி கேட்டதும், எது சரியென்று படுகிறதோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். டீச்சர் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று பெயரோடு போனில் வந்துவிடும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. கேள்விகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் வேண்டாம். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளைக்கும் தெரியாது.

முதல் நாள் ஏழாம் வகுப்பில் அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனைத் தூக்கினேன். ஒன்றும் வரவில்லை. ஜன்னல் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டு அட்டைகள் அத்தனையும் கண்ணாடிபோல் மின்னின. கேமராவுக்குக் கோலமே தெரியவில்லை. நான் குனிந்தேன், நிமிர்ந்தேன், பெஞ்சின் மேல்கூட ஏறிப் பார்த்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு வழிகாட்டி ஆசிரியர் கலியமூர்த்தி சார். மலைக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, போட்டோ புடிச்சிக்கினு கீறியா? குரூப் போட்டோன்னா வெளிய நிறுத்தி எடு, வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கையில் மிச்சமிருந்த ஜெராக்ஸ் பிரதிகளை மினுமினுப்பில்லாத பழுப்பு அட்டையில் ஒட்டினோம். ஈரக்கை பட்டால் படட்டும், நைந்தால் வேறு ஒட்டிக்கொள்ளலாம்.

2. புரிஞ்சுதா?

பின்னம் கூட்டுவது அந்த வாரப் பாடம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? கரும்பலகையில் நன்றாகத்தான் நடத்தினேன்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்" என்றது வகுப்பு ஒரே குரலில், கடைசி எழுத்தை நீட்டி. அந்தக் குரலை உங்களுக்கும் தெரியும். நாமும் அப்படிச் சொல்லி வளர்ந்தவர்கள்தானே.

அட்டையைப் பிடிக்கச் சொல்லிப் போனைச் சுற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு. ரஞ்சிதா என்ற பெண்ணும் இன்னும் ஓரிருவரும் தவிர மற்ற எல்லாரும் ஐந்தில் இரண்டு என்று சொல்லியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டியிருக்கிறார்கள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்தப் போன் இல்லாவிட்டால் அந்தக் கோரஸை நம்பி அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

மறுநாள் விடுதிச் சமையலறையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தேன். ஒரே நீளத்தில் இரண்டு கிழங்கு. ஒன்றைப் பாதியாகவும் இன்னொன்றை மூன்றாகவும் வெட்டி, பாதித் துண்டையும் மூன்றில் ஒரு துண்டையும் ஒட்டவைத்து மேஜையில் வைத்தேன். பாதியைவிட நீளமா, குட்டையா என்று கேட்டேன். நீளம் என்றார்கள். அப்படியென்றால் ஐந்தில் இரண்டு எப்படி வரும், அது பாதியைவிடக் கம்மி ஆயிற்றே? இதில் சிலர் பிடித்துக்கொண்டார்கள், சிலர் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பச்சை கொஞ்சம் கூடியது. சிவப்பு வந்தவர்களை நான் நிற்க வைக்கவில்லை, பெயரையும் வாசிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டேன். அதுதான் எனக்கு அந்தக் கருவியில் பிடித்த விஷயம்.

3. வலது கை, இடது கை

பயிற்சியின் கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் முன்னால் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், மார்க் போடுவார். எங்களுக்கு வரப்போகிற மேடம் கெடுபிடிக்காரர் என்று கல்லூரி வாட்ஸப் குரூப் நடுங்கிக்கொண்டிருந்தது. படம் காட்டுகிறவர்களைத் தயவு பார்க்காமல் பெயிலாக்குவாராம்.

எனக்குப் பெயிலாக இடமில்லை. நைனார்பாளையத்தில் என் அப்பா விவசாயி. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த வீட்டில் அழுது ஆர்ப்பாட்டம் செய்து வாங்கிய படிப்பு இது. "இதோட நிறுத்திக்க, இன்னொரு வருசம்னு வந்து நிக்காத" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினார். தவறினால் திரும்ப எழுத வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்கிற முகம் எனக்கில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் கலியமூர்த்தி சார் கூப்பிட்டார்.

"இத பாரும்மா. இங்க ஒரு வழக்கம் வெச்சிக்கினு கீறோம். வெளிய இருந்து யாரு வந்தாலும், கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கிடணும். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நீ வலது கையா பாத்துக் கேளு. பாக்கறவங்களுக்கு எல்லாப் புள்ளைக்கும் தெரிஞ்ச மாரி இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் படித்த பள்ளியிலும் இதே ஏற்பாடுதான். இடது கையை அத்தனை உற்சாகமாகத் தூக்கிய ஆள் நான்.

"நான் அட்டை வெச்சே எடுக்கறேன் சார்."

"அதுல செவப்பு வந்தா? உனக்கும் கெட்ட பேரு, இஸ்கூலுக்கும் கெட்ட பேரு. நம்ம புள்ளைங்களப் பத்தி ஏற்கெனவே கீழ இன்னா பேசறாங்கன்னு உனக்குத் தெரியாது. மலைப் புள்ளைங்களுக்கு இன்னா வரும்னு சொல்லிட்டுப் பூடுவாங்க. யோசிச்சிக்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யோசித்தேன், இரவெல்லாம் யோசித்தேன். ஆனால் சிவப்பு வந்தாலும் பரவாயில்லை என்று பிள்ளைகளிடம் வாரக்கணக்கில் சொல்லிவிட்டு, மேடம் வருகிற அன்றைக்கு மட்டும் இடது கையைத் தூக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

4. தேர்வு

மேடம் மலை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. கலியமூர்த்தி சார் வாசலில்.

பின்னம் கூட்டலையே எடுத்துக்கொண்டு, கிழங்கை மறுபடி வெட்டிக் காட்டி நடத்தி முடித்துவிட்டு அட்டைகளை எடுக்கச் சொன்னேன். மேடம் எழுந்து என் பக்கத்தில் வந்து போனைப் பார்த்தார். முதல் கேள்வி சுலபமானது. போனைச் சுற்றினேன். முழுக்கப் பச்சை. மேடத்தின் புருவம் உயர்ந்தது. எனக்கே ஆச்சரியம்தான், ஆனால் சந்தோஷத்தில் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது, அரையும் மூன்றில் ஒன்றும். சரியான விடை ஆறில் ஐந்து, அது பி. அந்தப் பழைய ஐந்தில் இரண்டு, ஏ. போனைச் சுற்றினேன்.

முழுக்கச் சிவப்பு. ஒருத்தியைத் தவிர எல்லாரும் ஏ. ஒரே ஒரு பச்சை, ரஞ்சிதா.

வகுப்புக்கு என் முகத்திலிருந்தே விஷயம் தெரிந்துவிட்டது. முன் பெஞ்சிலிருந்த ரஞ்சிதா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அடுத்த பெஞ்சு அட்டைகளில் மேலே ஏ இருப்பதைக் கண்டுகொண்டாள்.

"அய்யய்யோ, நான் காத சொறிஞ்சேன்டி. பதில் சொல்லல" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்து, உடனே அடங்கியது. திருவிழாவில் வாங்கிய கவரிங் கம்மலால் அவள் காது புண்ணாகி, அந்த வாரம் முழுக்கச் சொறிந்துகொண்டேதான் இருந்தாள்.

"என்னம்மா நடக்குது இங்க?" என்றார் மேடம்.

கலியமூர்த்தி சார் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல மேடம், போன் ஹேங் ஆயிடுச்சி. இந்த மலையில இப்பிடித்தான் ஆவும்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அன்றைக்குத் தப்பித்திருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. எதிரே அத்தனை அட்டைகளும் இன்னும் ஏ பக்கமாக நின்றுகொண்டிருந்தன.

"இல்ல சார். போன் சரியாத்தான் காட்டுது" என்றேன். பிறகு ரஞ்சிதாவைக் கேட்டேன். "இன்னா ஏற்பாடு இது?"

அவள் எழுந்து நின்றாள். "காது தொட்டா ஏ டீச்சர். ஜடை தொட்டா பி. மூக்குன்னா சி, கன்னம்னா டி. நாங்களாத்தான் பேசிக்கினோம். செவப்பு வந்தா நீங்க பெயில் ஆயிடுவீங்கன்னு சார் சொன்னாரு. மறுக்கா உங்கள இங்க அனுப்ப மாட்டாங்கன்னு..."

விடுதியில் ராத்திரி உட்கார்ந்து எனக்காக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

"மேடம், அதே கேள்விய இன்னொரு வாட்டி கேக்கலாமா?" என்றேன்.

"கேளுங்க."

எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னேன். "செவப்பு வந்தா எனக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதப் புடிங்க. ரஞ்சிதா, நீ காத சொறிஞ்சிக்கலாம்."

மூடிய கண்களோடே சிரித்தார்கள். வாரக்கணக்கில் பழகியதில் எந்தப் பக்கம் எந்த எழுத்து என்று அவர்கள் கைக்கே தெரியும், அட்டைகள் மெதுவாகத் திரும்பின. சில அட்டைகள் பாதி திரும்பி, யோசித்து, மறுபடி திரும்பின. போனைச் சுற்றினேன். பச்சை பாதிக்குக் கொஞ்சம் மேலே. மற்றது சிவப்பு. எனக்கு ஒன்றும் ஆகாது என்று பிள்ளைகளிடம் சொன்னது பொய்தான், இருந்தும் போனை மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பெயர்களில் ஒன்றைத் தொட்டு, "யாருப்பா மாதேஷ்?" என்றார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் கண்ணைத் திறந்து எழுந்தான்.

"அப்பவும் ஏ புடிச்ச, இப்பவும் ஏ தான் புடிச்சிருக்க. மாத்தவே இல்லியே?"

மாதேஷ் அட்டையைக் கீழே இறக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டே சொன்னான்.

"அது ரஞ்சிதாவோடது மேடம். இது என்னோடது."

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். எலுமிச்சம்பழத்தை மேஜையில் வைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். "செரி, உன்னோடது எப்பிடி வந்துச்சின்னு சொல்லு, கேப்போம்" என்றார். அவன் மேலே உள்ளதைக் கூட்டினேன், கீழே உள்ளதைக் கூட்டினேன் என்று சொன்னான். நான் கிழங்குத் துண்டுகளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் விரலால் அளந்தான். பாதித் துண்டின் முனையில் விரலை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே நீண்டிருந்த மிச்சத்தைப் பார்த்தான்.

"பாதிக்கு மேலதான் கீது. அஞ்சுல ரெண்டுன்னா கம்மியா பூடுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்பினான். நான் போனை எடுக்கவில்லை. அது தேவைப்படவில்லை.

5. கடைசியாக

பாஸாகிவிட்டேன். மார்க் பிரமாதம் என்று சொல்ல முடியாது, 'வகுப்பு நேரம் மீறியது' என்று மேடம் ஒரு வரி எழுதியிருந்தார், அது உண்மைதான். அடுத்த முறை நான் மலைக்குப் போனபோது கலியமூர்த்தி சாரின் மேஜையில் பழுப்பு அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. வலது கை வழக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இன்ஸ்பெக்சனுக்கு டிஇஓ வந்தா மட்டும்" என்றார்.

இப்போது நானும் வழிகாட்டி ஆசிரியை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் விதவிதமான ஆப்களோடு வருகிறார்கள். எல்லாவற்றையும் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றுதான் கேட்பேன். இதில் ஒரு பிள்ளை தைரியமாகத் தப்பு செய்ய முடியுமா? முடியுமென்றால் வகுப்புக்குக் கொண்டு போங்கள். திரை பச்சையாக வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் ஒருத்தர் விடாமல் பச்சை என்றால் கொஞ்சம் நின்று முன் பெஞ்சில் யார் மூக்கைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். சிவப்பு வரும். அதை மாதேஷ் மாதிரி ஒரு பிள்ளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு 'இது என்னோடது' என்று சொன்னால், அங்கே உங்கள் வேலை ஆரம்பமாகிறது.