மூன்று வருடத்துக்குள் கேட்கவும்

சால்டரிங் புகைக்கு ஒரு வாசம் உண்டு. உருகிய ஈயமும் பிசினும் கலந்து, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் திருப்பதியில் ஒரு ரிப்பேர் கடைப் படியேறும்போதே அது வந்துவிட்டது. கூடவே ஏழுமலை மாமாவும் வந்துவிட்டார்.

மாமா, கோமதி அக்காவின் கணவர். சித்தூரில் டி.வி. மெக்கானிக். சட்டை, தலைமுடி, சோறு பிசையும் கை... எல்லாம் இதே வாசம். பிறகு புதுப்புது கம்பெனி டி.வி.க்கள் வந்து இறங்கின. கெட்டால் போர்டையே மாற்று என்றார்கள். சால்டரிங் ராடுக்கு வேலை போயிற்று. மாமா குவைத்துக்குப் போய் டிரைவரானார்.

இரண்டாவது லீவில் ஒரு பெட்டி கொண்டுவந்தார் — டி.வி.யோடு இணைத்தால் படத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும். மகளின் காது குத்தலை இரவல் கேமராவில் எடுத்து, பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் குவைத்திலிருந்து உடல்தான் வந்தது.

அந்தப் படத்தில் மாமா ஓரிடத்திலும் தெரியமாட்டார். கேமராவைப் பிடித்தவர் அவர்தானே? குரல் மட்டும். “பாப்பா, நைனாவப் பாரு... அழாத, தோ முடிஞ்சிச்சி.” முகத்துக்கு போட்டோக்கள் உண்டு. குரலுக்கு இது ஒன்றுதான்.

வருடா வருடம் திதியன்று குடிபாலாவில் அக்கா வீட்டில் அது ஓடும். இந்த வருடம் திரையில் கம்பெனிப் பெயர் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அடுத்த மாதம் பாப்பாவுக்குக் கல்யாணம். மணையில் உட்காரும் முன் நைனா குரலை ஒரு தடவை கேட்கணும் — அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

அக்கா பெட்டியைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்; கடைக்கு நான் கூட்டிப்போனேன். மெக்கானிக் சீனு பெட்டியைப் பிரித்து, டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

“டிஸ்க் நல்லாத்தான் கீது அக்கா. போர்டுதான் பூடுச்சி. ஆனா இந்த கம்பெனிக்காரன் டிஸ்க்ல எப்படி எழுதிகிறான்னே புரியல. சொந்தமா ஒரு முறை வெச்சிகிறான். இதே மாடலு இப்ப எங்கயும் கிடைக்காது. பெட்டியோட வந்த பேப்பரு கீதா?”

அக்கா பையிலிருந்து எடுத்தாள். ஒட்டிய பிளாஸ்டிக் கவர் ஒட்டியபடி, மூலையில் மஞ்சள் குங்குமம். வந்த நாளிலிருந்து சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்ததாம்.

“கவர்கூட பிரிக்கலையா?”

“அழுக்காயிடுமே!”

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ரிமோட் இன்னும் பாலிதீன் உறைக்குள்தானே இருக்கிறது? என்னுடையதும்தான்.

சீனு கவரைக் கிழித்தார். கடைசிப் பக்கம், எறும்பு எழுத்து. இந்தப் பெட்டி லினக்ஸில் ஓடுகிறது. இதன் மூல நிரலை — சோர்ஸ் கோடை — மூன்று வருடத்துக்குள் யார் எழுதிக் கேட்டாலும் அனுப்பிவைப்போம்.

யார் கேட்டாலும்!

லினக்ஸ் என்பது இந்த மாதிரிப் பெட்டிகளை ஓட்டும் மென்பொருள்; பொதுச் சொத்து. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை — மாற்றி விற்றால், அந்த நிரலைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். வைஃபை டப்பாவிலும் கார் ஸ்டீரியோவிலும்கூட ஓடுவது பெரும்பாலும் இதுதான் என்றார் சீனு. நம் கூடத்தில், நம் கரண்டில் ஓடுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்டதே இல்லை.

“அது இருந்திச்சின்னா இந்த டிஸ்க்க பட்ச்சிடலாமா?” என்றேன்.

“பட்ச்சிடலாம் சார். எப்படி எழுதிகிறான்னு அதுலதான் கீது. ஆனா எவரு அடுகுதாரு, யாரு கேக்கறாங்க? யாரும் கேக்க மாட்டாங்கன்ற தைரியத்துலதான் அச்சடிக்கிறாங்க.”

கெடு முடிந்து எத்தனையோ வருடம். இருந்தாலும் அதிலிருந்த முகவரிக்கு என் போனிலிருந்தே மெயில் தட்டினேன். நிமிடத்தில் திரும்பி வந்தது. அப்படியொரு முகவரியே இல்லையாம். சீனு வலையில் தேடிப் பார்த்தார். கம்பெனியை எவனோ வாங்கி, எப்போதோ மூடியிருக்கிறான்.

மூன்று வருடம் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நாம் அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா அழவில்லை. “டிஸ்க்க மறுபடி உள்ள வெச்சி மூடிக் குடுங்க” என்றாள். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் சித்தூர் வண்டி. அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டி மடியில்.

“ரிப்பேர் ஆவலன்னு பாப்பாகிட்ட நான் போன்ல சொல்லட்டா அக்கா?”

“வேணாம்டா. ரிப்பேர் ஆவலன்னு சொல்லாத. உங்க நைனா உள்ள பேசிக்கினுதான் கீறாரு, நமக்குதான் கேக்கலன்னு நானே சொல்லிக்கறேன். வண்டி எடுக்கறான், நீ போ.”