நெத்திலி ஆய்ந்த ஆறு மாதம்

நொச்சிக்குப்பத்தில் மீன் வெட்டித் தரும் ஹம்சாவுக்குப் பொய் சொல்ல வராது. "இது நேத்து மீனும்மா, வாங்காத" என்று வாங்க வருபவர்களிடம் மீன்காரி முன்னாலேயே சொல்லிவிடுவாள். அதனால் மீன் விற்பவர்களில் பாதிப்பேர் அவளோடு பேசுவதில்லை. பன்னிரண்டு வருடமாக நான் வாங்கும் மீனை அவள்தான் வெட்டித் தருகிறாள்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் வீங்கிக் கிடக்கும், ஒன்பது மணி வரை மடங்காது. வஞ்சிரத்தை எப்படியோ துண்டு போட்டுவிடுவாள். நெத்திலிதான் முடியாது. ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக் குடலை இழுக்க வேண்டுமே. யாராவது நெத்திலியோடு வந்தால் "வேற ஆளப் பாரும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நாலு கடை தள்ளி இட்லி விற்கும் வைதேகிக்கும் இதே நோய். பெரியாஸ்பத்திரி வரிசையில் ஒன்றாக நின்று நின்றே இருவரும் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில், ஏதோ கொடியின் வேரிலிருந்து எடுத்த சத்தை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஹம்சா போய்ச் சேர்ந்தாள். வரமாட்டேன் என்ற வைதேகியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான்.

டாக்டர் ஸ்ரீவத்சன் பொறுமையாக விளக்கியிருக்கிறார். மொத்தம் அறுபது பேர். பாதிப்பேருடைய காப்ஸ்யூலில் மருந்து இருக்கும், மீதிப்பேருடையதில் வெறும் மாவு. யாருக்கு எது என்று முடியும்வரை அவருக்கே தெரியாது. வழக்கமான மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் வலிக்கு வேறு எதைப் போட்டாலும் நோட்டில் எழுத வேண்டும். மருந்து பலித்தது என்று முடிவு வந்தால், குணம் தெரிந்தவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும்.

ஹம்சாவுக்கு எழுதத் தெரியாது. தினமும் சாயங்காலம் இட்லிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நோட்டையும் வைதேகியே எழுதினாள்.

"இன்னிக்கி வலி பத்துக்கு எவ்ளோக்கா?"

"நாலு போடு. வேற மாத்திர இல்ல."

மூன்றாம் மாதம் நான் தயங்கித் தயங்கி அரைக் கிலோ நெத்திலியை நீட்டினேன். வாங்கி, அத்தனையும் ஆய்ந்து கொடுத்தாள். "கொடி வேல செய்யுதும்மா!" என்று என் கையைப் பிடித்து அழுத்திக் காட்டினாள். வலித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வைதேகியும் தேறி வருவதாகச் சொன்னாள். அதன் பிறகு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் நெத்திலிதான்.

ஆறு மாதம் முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். ஹம்சா சாப்பிட்டது மருந்து, வைதேகி சாப்பிட்டது மாவு. ஆனால் மாவு சாப்பிட்டவர்களில் பலருக்கும் வீக்கம் குறைந்திருக்கிறது. மருந்தால்தான் குணம் என்று சொல்ல வழியில்லை, நிறுத்துகிறோம் என்றார் டாக்டர்.

"எனுக்கு வேல செஞ்சிதே சார்!"

"உங்க ஒருத்தர வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா."

திரும்பி வரும் பறக்கும் ரயிலில் ஹம்சா கேட்டாள்: "மாவத் துன்னுட்டு உனுக்கு எப்டிடி கை சரியாச்சி?"

வைதேகி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உனுக்கு நல்லாயிக்கினே வந்துச்சி. எனுக்கு ஒண்ணும் ஆவல. என் ஒடம்புதான் கெட்ட ஒடம்போனு வெக்கமா பூட்ச்சிக்கா. மெடிக்கல்ல கேட்டேன், ஒரு மாத்திர குட்த்தான். ரெண்டே நாள்ல கேட்டுச்சி."

"நோட்டுல எய்தினியா?"

வைதேகி டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எய்தினியாடி?"

"இல்லக்கா."

மறுநாளே ஹம்சா தனியாகத் தரமணி போய் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் குறித்துக்கொண்டார். இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், எப்போது என்று தெரியாது, கொடுக்கக் காப்ஸ்யூலும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

வைதேகி ஒருத்தியால் மட்டும் முடிவு மாறியிருக்காது, இன்னும் எத்தனை பேர் மறைத்தார்களோ என்று ஹம்சாவிடம் நியாயம் பேசிப் பார்த்தேன்.

"மத்தவங்க யாருனு எனுக்குத் தெரியாதும்மா. இவ என் பக்கத்துல குந்திக்கினு எய்தினா. என் நெசத்தயும் அவ பொய்யயும் ஒரே பேனாவுல எய்தினா. வயிறு எரியுதும்மா" என்றாள். எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த இட்லிக்கடைப் பக்கமே நான் போவதில்லை.

நாலு மாதம் ஆகிறது. போன ஞாயிறு பழக்க தோஷத்தில் நெத்திலி வாங்கிக்கொண்டு ஹம்சா முன்னால் போய் நின்றேன். வீங்கிய விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வைதேகி வந்தாள். பேப்பரில் மடித்த மாத்திரை அட்டையை அரிவாள்மணைப் பக்கத்தில் வைத்தாள்.

"இத்தப் போட்டுக்கோக்கா. உன் கையப் பாக்க முடியல."

ஹம்சா அதைத் தொடவில்லை. வைதேகியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நோட்டுல எய்தினியாடி?"